அறுவடையைப் பாராத விதைப்பு

விதைப்புக் காலத் திருப்பலி மறையுரை, சங்கரன்கோவில்
நற்செய்தி: மாற்கு 4:26-29



இன்று நாம் கேட்ட உவமை நான்கே வசனங்கள். மத்தேயுவும் லூக்காவும் யோவானும் இதை எழுதவில்லை. மாற்கு ஒருவர்தான் எழுதி வைத்திருக்கிறார். ஓர் உழவர் விதைக்கிறார். அதற்குப் பிறகு அவர் செய்வதாக ஆண்டவர் சொல்வது இரண்டே காரியம்: ராத்திரி படுக்கிறார், விடிந்ததும் எழுந்திருக்கிறார். விதை தன்போக்கில் முளைத்து, கதிர் விட்டு, மணி பிடிக்கிறது. அது எந்த விதமாய் நடக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. விளைந்தபின் அரிவாளோடு போகிறார்.

புரட்டாசி மாதத்தில் கரிசல்காட்டு மக்களிடம் இந்த உவமையைச் சொல்லப் போனால் எனக்குக் கொஞ்சம் தயக்கம் வரும். இந்த மாதத்தில் இங்கே யார் நிம்மதியாகப் படுக்கிறீர்கள்? நகையை அடகு வைத்து வாங்கிய விதை மூட்டை வீட்டில் கிடக்கிறது. மேற்கு மலையில் மேகம் இறங்கினாலும் இந்தப் பக்கம் வரை எட்டுமா என்று தெரியாது. முதல் மழையின் ஈரத்தில் உளுந்தைப் போட்டுவிட்டு அடுத்த மழை தவறினால், முளைத்தது அத்தனையும் கருகும். மழை தப்பாமல் பெய்தாலும் பூச்சி இருக்கிறது. 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தின் குருத்தைத் தின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கவலையற்ற ஒருவரின் தூக்கத்தை ஆண்டவர் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். உழுது, உரம் போட்டு, விதைத்து, தன் கையால் ஆனது அத்தனையும் செய்து முடித்தவர் அவர். மீதியை விட வேண்டியவரிடம் விட்டுவிட்டுப் படுக்கிறார்.

இந்த உவமையிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. நம் பங்கின் பெரியவர்கள் என்னிடம் அதை வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். "சாமி, விதைக்குள்ளே இருக்கிற மரபணுவை மாத்துறாங்களாமே, அது கடவுள் வேலையில கை வைக்கிறது இல்லையா?" விதை வளரும் விதம் உழவருக்குத் தெரியாது என்று ஆண்டவர் சொல்லியிருக்கும்போது, அந்த விதத்தைத் தெரிந்துகொள்வதற்கென்றே ஒருவர் தன் ஆயுள் முழுவதையும் செலவிட்டால் அது நம்பிக்கைக் குறைவா? அப்படி ஆயுளைச் செலவிட்ட ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். பதில் அதற்குள் வரும்.

அவர் பெயர் அஜய் பரிதா. நம் ஊர்க்காரர் அல்லர். நம் மொழிக்காரரும் அல்லர். 1963இல் ஒடிசாவில் பிறந்தவர், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தப் படிப்புக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கும், பெரிய விதைக் கம்பெனியில் சம்பளமும் கிடைத்திருக்கும். அவர் வந்து சேர்ந்தது சென்னை தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. வேலை செய்யும் காலத்தில் பெரும்பகுதியை அவர் அங்கேயே, தமிழ்நாட்டிலேயே கழித்தார். உயிர்த்தொழில்நுட்பப் பிரிவை வழிநடத்தினார், பின்னர் அந்நிறுவனத்தின் செயல் இயக்குநரானார். 2014இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2017இல் புவனேசுவரத்தில் உள்ள உயிர் அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

அவரை அழைத்துக்கொண்ட அந்தச் சென்னை நிறுவனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் 1925இல் பிறந்த சுவாமிநாதன், 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்ததைக் கண்டுதான் வேளாண்மைப் படிப்புக்குத் திரும்பினார். காவல்துறை உயர் பதவிக்குத் தேர்வாகியும் அதை ஏற்காமல் பயிர் மரபியல் படிக்கப் போனார். கோதுமையிலும் நெல்லிலும் அவர் செய்த வேலை நாடு அறிந்தது. ஆனால் 1968 ஜனவரியிலேயே, பசுமைப் புரட்சி என்ற பேச்சு ஊரெங்கும் பரவுவதற்கு முன்பே, மண்ணையும் நீரையும் பார்க்காமல் விளைச்சலை மட்டும் பார்த்தால் கேடு வரும் என்று அறிவியல் மாநாட்டில் எச்சரித்தவரும் அவர்தான். தாம் தொடங்கிய ஒன்றின் ஆபத்தைத் தாமே முன்னதாகச் சொல்வதற்கு நேர்மை வேண்டும். 1987இல் தமக்குக் கிடைத்த உலக உணவுப் பரிசைக் கொண்டு அடுத்த ஆண்டு இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ஏழை விவசாயிக்கும் கடலோர மக்களுக்கும் உதவாத ஆராய்ச்சி வேண்டாம் என்பதே அதன் அடிப்படை.

அஜய் பரிதாவும் அவரோடு இருந்த ஆராய்ச்சியாளர்களும் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. கடல் ஏறி வந்தால், நிலத்தடி நீர் உவர்ப்பானால், நெல் எப்படிப் பிழைக்கும்? விடையைத் தேடி அவர்கள் போனது சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்கு. அங்கே வெண்கண்டல் என்று ஒரு மரம் இருக்கிறது. வேர் உப்புத்தண்ணீரில் ஊறிக்கிடக்கும். மற்ற எந்தப் பயிரும் அந்தச் சேற்றில் ஒரு வாரம் தாங்காது. இந்த மரமோ தன் இலைகளின் வழியே உப்பை வெளியே தள்ளிவிடும். இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பும் வறட்சியும் செடியைத் தாக்கும்போது அதன் உயிரணுக்களுக்குள் ஒரு வகை நச்சு ஆக்சிஜன் பெருகி உள்ளிருந்தே அரிக்கத் தொடங்குகிறது. அதை முறிக்கும் நொதி எல்லாச் செடிகளிலும் உண்டு. வெண்கண்டலில் அதைச் செய்யச் சொல்லும் மரபணுவை அவர்கள் கண்டுபிடித்துப் பிரித்தெடுத்தார்கள். அதை ஒரு பாசுமதி நெல் ரகத்துக்குள் கொண்டு சேர்த்தார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கி நம் வீட்டுப் பாலில் ஊற்றுகிறோம். பால் நம்முடையதுதான், உறைகிற குணம் அங்கிருந்து வந்தது. ஏறத்தாழ அப்படி ஒரு வேலை இது. ஆனால் ஒரே ராத்திரியில் முடிகிற வேலை அல்ல. ஆயிரக்கணக்கான மரபணுக்களிலிருந்து ஒன்றை இனம் கண்டு, அதை நெல்லின் திசுவுக்குள் சேர்த்து, அந்தத் திசுவைக் கண்ணாடிக் குப்பியில் செடியாக வளர்த்து, அந்தச் செடியின் பிள்ளையும் பேரப்பிள்ளையும் அதே குணத்தோடு பிறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆய்வு முடிவு 2008இல் வெளிவந்தது. எட்டு நாள் உப்புநீரில் வைத்தபோது சாதாரண நெற்பயிர் வாடிப்போனது. வெண்கண்டலின் மரபணுவைப் பெற்ற பயிர் நின்றது.

அதைவிட, நம் ஊருக்கு நெருக்கமான ஒரு சங்கதி இருக்கிறது. சீமைக் கருவேலத்தை நாம் எல்லாரும் வெறுக்கிறோம். குளத்தில் நீர் தங்கவிடாமல் அடைத்துக்கொண்டது, புஞ்சையைப் பிடித்துக்கொண்டது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் முள்ளாய்க் குத்துகிறது. 2017 வாக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது நம் பஞ்சாயத்துகளில் பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்கினோம். பிடுங்கியது சரிதான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அஜய் பரிதாவின் குழுவினர் அதே மரத்தின் முன்னால் நின்று வேறொரு கேள்வி கேட்டார்கள். எல்லாம் காய்ந்து கருகும் கோடையிலும் இது மட்டும் பச்சையாக இருக்கிறதே, அதற்கு அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? வறட்சியில் விழித்துக்கொள்ளும் அதன் மரபணுக்களைத் தேடி எடுத்தார்கள். அவற்றில் ஒன்றைப் புகையிலைச் செடியில் சேர்த்துப் பார்த்தார்கள். சோதனைக்கூடத்தில் முதலில் முயன்று பார்க்கும் செடி அதுதான். அந்தப் புகையிலை வறட்சியைக் கூடுதலாகத் தாங்கியது. அதன் ஆய்வு 2010இல் வெளிவந்தது.

நாம் முள் என்று பார்த்த இடத்தில் அவர்கள் கடவுள் வைத்திருந்த ஒரு பாடத்தைப் பார்த்தார்கள். ஆகாதது என்று கட்டுகிறவர்கள் தள்ளிவிட்ட கல்லைப் பற்றி ஆண்டவரே பேசியிருக்கிறார். படைப்பில் எதையும் முழுவதுமாகத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. தொடக்கநூலில் மனிதனிடம் தோட்டத்தை ஒப்படைக்கும்போது பண்படுத்தவும் காக்கவும் சொன்னார் கடவுள். அதில் உள்ள ஒவ்வொரு உயிரையும் உற்றுப் பார்ப்பதும் காப்பதில் அடங்கும். ஆகவே பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இது: படைப்பின் ரகசியத்தைப் பொறுமையோடும் மரியாதையோடும் தேடுகிற மனிதர் கடவுளின் வேலையில் குறுக்கே நிற்பதில்லை. அவர் கொடுத்த புத்தியை அவர் கொடுத்த தோட்டத்தில் பயன்படுத்துகிறார்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னவனாவேன்.

அந்த நெல் நம் வயலுக்கு வந்ததா? வரவில்லை. மரபணு மாற்றிய நெல் எதையும் வணிகச் சாகுபடிக்கு இந்தியா இன்றுவரை அனுமதிக்கவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு, எல்லாமே அற்பமானவை அல்ல. 2002இல் பி.டி. பருத்தி வந்தது, நம் பகுதியிலும் விதைத்தோம். முதலில் காய்ப்புழு குறைந்தது, மருந்துச் செலவு குறைந்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதையும் தாங்கப் பழகிக்கொண்டது. வீரிய ஒட்டு விதையானதால் வீட்டில் எடுத்து வைத்த விதை அடுத்த ஆண்டு அதே விளைச்சல் தராது. ஒவ்வோர் ஆண்டும் கடைக்குத்தான் போக வேண்டும். இந்த மண்ணின் கருங்கண்ணிப் பருத்தி காணாமல் போனது. 2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்காயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. ஏழையின் தட்டில் விழப்போகும் ஒன்றைப் பலமுறை சோதித்துப் பார்க்கச் சொல்வது அன்பின் கடமை. பிற்போக்கு என்று அதை யாரும் சொல்லக்கூடாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' மடலில் இந்த மரபணு மாற்றத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்புச் சொல்வது கடினம் என்கிறார். மனிதருக்குக் கேடு என்று முடிவான சான்று இல்லை, சில இடங்களில் நன்மையும் விளைந்திருக்கிறது என்பதையும் ஏற்கிறார். அவர் கைவைத்த இடம் வேறு: நிலமும் விதையும் சிலர் கைக்குப் போய், சிறு விவசாயி கூலியாகிவிடுவது. கேள்வி விதைக்குள் மட்டும் இல்லை, விதை யார் கையில் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. நம் நாட்டில் 2001இல் இயற்றிய சட்டம், தன் வயலில் விளைந்ததை விதையாக எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொள்ளவும், கம்பெனிப் பெயர் போடாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த உரிமை எழுத்தில் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி அந்த மனிதரிடம் திரும்புகிறேன். ஒரு விஞ்ஞானி கண்டுபிடித்தார், ஆய்வு வெளிவந்தது, அனுமதி வரவில்லை. ஆண்டுகள் போயின. அவர் கசந்து போய் உட்காரவில்லை. அடுத்த மரபணுவுக்குப் போனார், மாணவர்களை உருவாக்கினார், பிறந்த மாநிலத்துக்குத் திரும்பி இன்னொரு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தினார். கொரோனா வந்தபோது அந்த நிறுவனம் நோய்ப் பரிசோதனைக்கும், கிருமியின் மரபணு வரிசையைப் படிப்பதற்கும் தன் கருவிகளைத் திருப்பியது. 2022 ஜூலை 19 அன்று குவாஹாட்டியில் மாரடைப்பால் அவர் காலமானார். வயது 58. தாம் உண்டாக்கிய நெல் ஒரு விவசாயியின் களத்தில் குவிந்ததை அவர் பார்க்கவே இல்லை.

இதுதான் இந்த உவமையின் ஆழம் என்று எனக்குப் படுகிறது. விதை வளரும் விதம் தெரியாதவர் மட்டுமல்ல, ஓரளவு தெரிந்தவரும் கடைசியில் படுத்து எழுந்து காத்திருக்க வேண்டியவர்தான். அறிவு கூடக் கூட அறுவடை நம் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி வருவதில்லை. ஒருவர் விதைக்க வேறொருவர் அறுக்கிறார் என்று சமாரியாவில் கிணற்றடியில் ஆண்டவர் சீடர்களிடம் சொன்னார். தாம் நட்டார், அப்பொல்லோ நீர் விட்டார், விளையச் செய்தவர் கடவுளே என்று தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதினார்.

திருச்சபைக்குள்ளேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. மரபியல் என்ற இந்த அறிவியலுக்கே அடித்தளம் போட்டவர் அகுஸ்தீன் சபைத் துறவி, கிரகோர் மெண்டல். புருனோ நகரத்துத் துறவு மடத்தின் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடி வளர்த்தார். ஏறத்தாழ 28,000 செடிகளைப் பார்த்து, எண்ணி, குறித்து வைத்தார். 1865இல் வாசித்தார், 1866இல் அச்சிட்டார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. மடத்தின் தலைவராகி நிர்வாக வேலைகளில் மூழ்கி, 1884இல் இறந்தார். 1900இல்தான் மூன்று நாட்டு அறிஞர்கள் தனித்தனியே அதே முடிவுக்கு வந்து, இது ஏற்கெனவே ஒரு துறவி எழுதியது என்று கண்டார்கள். அவர் இறந்து பதினாறு ஆண்டு கழித்து! ஜெபவேளைக்கும் தோட்டத்துக்கும் இடையில் நடந்த அந்த மனிதர், தம் பட்டாணியை எண்ணியதையும் இறைவனுக்குச் செய்யும் ஊழியமாகவே பார்த்திருப்பார் என்பது என் எண்ணம்.

அஜய் பரிதா கண்மூடி மூன்று ஆண்டுகூட ஆகாத நிலையில், 2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு புதிய நெல் ரகங்களை அறிவித்தது. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கமலா ஒன்று; டெல்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூசா ரகம் மற்றொன்று. இவை அவருடைய நெல் அல்ல, வழியும் வேறு. அயல் மரபணு எதையும் சேர்க்காமல், நெல்லின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்தவை. ஆனால் பூசா ரகத்தின் நோக்கம் எது தெரியுமா? வறட்சியையும் உவரையும் தாங்குவது. பிச்சாவரத்துச் சேற்றில் நின்று அவர் கேட்ட அதே கேள்வி. இவற்றைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு, கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும்.

இதெல்லாம் பெரிய நகரத்து விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். கூப்பிடு தூரத்தில் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கரிசலுக்கும் மானாவாரிக்கும் என்றே வேலை செய்கிறது. 'கே' என்ற எழுத்தோடு வரும் பருத்தி, சோள ரகங்கள் அங்கே பிறந்தவை. ஒரு ரகம் வெளியே வரப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு பிடிக்கும். அதற்குள் தொடங்கியவர் மாற்றலாகியிருப்பார், சிலர் ஓய்வு பெற்றிருப்பார்கள், சிலர் இறந்தே போயிருப்பார்கள். அவர்கள் பெயர் விதைப் பையில் அச்சாவதில்லை. நீங்கள் சாப்பிட்ட சோற்றிலும் கூழிலும் அவர்களுடைய உழைப்பு இருந்தது.

ஆகவே மூன்று தரப்பாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பெற்றோரே, ப்ளஸ் டூ முடித்த பிள்ளை தாவரவியலோ வேளாண்மையோ படிக்கிறேன் என்றால், அதில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டு வாயை அடைத்துவிடாதீர்கள். காட்டில் பாடுபட்ட குடும்பத்துப் பிள்ளைதான் காட்டுக்கு எது வேண்டும் என்று கேட்கத் தெரிந்த விஞ்ஞானியாக முடியும். பிள்ளைகளே, படித்து முடித்தபின் உங்கள் அறிவை அதிக விலை கொடுப்பவருக்குத்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்டல் மரத்தின் முன்னால் ஆண்டுக்கணக்காக நின்ற ஒருவர் இருந்தார் என்பதை நினைவில் வையுங்கள். விவசாயிகளே, இந்த ஆண்டு விளைச்சலில், விதைக்கு ஆகக்கூடியது எதுவோ அதில் ஒரு மரக்காலாவது தனியே எடுத்து வையுங்கள். புதிய விதை என்று யார் கொண்டுவந்தாலும் பயந்து ஓடவும் வேண்டாம், கேட்காமல் வாங்கவும் வேண்டாம். யார் செய்தது, யார் சோதித்தது, அடுத்த ஆண்டு எடுத்து வைக்கலாமா என்ற மூன்றையும் கேளுங்கள்.

இப்போது நம்பிக்கையாளர் மன்றாட்டில் மழைக்காகவும், விதைக்கிறவர்களுக்காகவும், வெளியில் தெரியாமல் விதைக்காக உழைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்காகவும் வேண்டுவோம். இறந்தவர்களுக்கான மன்றாட்டில் அஜய் பரிதாவின் பெயரையும் சேர்த்திருக்கிறோம். எல்லாரும் எழுந்து நின்று முதலில் நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.